சிறு தோணியில் எதை ஏற்றுவது?
தனியாள் மீன்பிடிக்கு இன்றியமையாதவையும் இருந்தால் நல்லவையும்

வாவியில் தொழில் செய்யும் ஒருவரிடம், "தொழிலுக்குப் போவதற்கு என்னென்ன வேண்டும்?" என்று கேட்டால் முதலில் வலையைச் சொல்வார். பின்னர் தோணி, துடுப்பு, பறி என்று வரிசையாகச் சொல்வார். உயிர்காப்பு அங்கியைப் பற்றி நாம் கேட்டால், "இது வாவிதானே, கடலா?" என்ற பதில் வருகிறது. வாவிக்கரைக் கிராமங்கள் பலவற்றில் இந்தப் பதிலை நாம் கேட்டிருக்கிறோம். பதிலில் அனுபவம் இருக்கிறது. ஆனால் ஆபத்தும் இருக்கிறது.

நற்செய்தியில் வரும் கலிலேயக் கடலை எண்ணிப் பார்ப்போம். அது உண்மையில் கடல் அன்று. கெனசரேத்து ஏரி என்றும் அழைக்கப்படும் அந்த நன்னீர் ஏரியின் நீளம் ஏறத்தாழ 21 கிலோமீற்றர். அகலம் ஏறத்தாழ 13 கிலோமீற்றர். சுற்றியிருக்கும் மலைகளிலிருந்து காற்று திடீரென இறங்கினால் சற்று நேரத்தில் ஏரி கொந்தளிக்கும். அந்த ஏரியிலேயே பிறந்து வளர்ந்த மீனவர்களான சீடர்களும் அங்கே உயிருக்கு அஞ்சினர். எமது மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. நீளத்தில் அது கெனசரேத்து ஏரியைவிட இருமடங்குக்கும் அதிகம். "வாவிதானே" என்று சொல்லி அசட்டையாக இருக்க எமக்கு நியாயம் இல்லை.

இக்கட்டுரையில் தனியாக, அல்லது இருவராக, துடுப்பு வலித்தோ கம்பு ஊன்றியோ செல்லும் சிறு தோணிக்கு எவை கட்டாயம் தேவை, எவை இருந்தால் நல்லது, எவை வேண்டியதே இல்லை என்பதை ஆராய்வோம். பைபர் தெப்பம், சிறு வள்ளம் ஆகியவற்றுக்கும் இவை பொருந்தும். இயந்திரப் படகுகளின் தேவைகள் வேறு; அவற்றை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை.

கயாக் தரும் பாடம்

மேல்நாடுகளில் கயாக் எனப்படும் ஒற்றையாள் ஓடத்தில் அமர்ந்து தூண்டில் போடுவது இன்று பெரிய பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. கயாக் என்பது வடதுருவத்தை அண்டி வாழும் இனுயிட் மக்களின் வேட்டை ஓடம். மரச்சட்டத்தின் மேல் சீல் என்னும் கடல்விலங்கின் தோலை இழுத்துத் தைத்து அதனைச் செய்தனர். எறியீட்டி, அதன் கயிறு, காற்று ஊதிய தோல் மிதவை ஆகியவற்றை வேட்டைக்காரர் தமது கைக்கு எட்டும் இடத்தில், ஒவ்வொன்றும் தன் தன் இடத்தில் இருக்கும்படி, ஓடத்தின் மேல்தட்டில் செருகி வைத்தனர். உறைபனி நீரில் தேடிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. எனவே கொண்டு சென்றவை சில. அந்தச் சிலவும் வேண்டிய கணத்தில் கைக்கு வந்தன.

இன்று கயாக் மீன்பிடிக்கென விற்கப்படும் பொருட்களோ கணக்கற்றவை. ஆழம் காட்டும் கருவி, தூண்டில் தாங்கிகள், சாய்மான ஆசனம், காலால் மிதிக்கும் பொறி என்று பட்டியல் நீள்கிறது. அவ்வளவையும் ஏற்றினால் ஓடம் தாழ்ந்துவிடும்; கவிழ்ந்தால் எல்லாம் போய்விடும். எமது கடைத்தெருக்களிலும் இவற்றுட் சில வந்துவிட்டன. பொழுதுபோக்குக்காகச் செல்பவர் பணத்தை இழந்தால் அது அவருடைய பணம். எமது மீனவர் இழப்பதோ சங்கத்தில் எடுத்த கடனும், வீட்டாரின் நாளைய சாப்பாடும் ஆகும். ஆகவே எதை முதலில் வாங்குவது என்ற கேள்வியை நாம் இன்னும் கவனமாகக் கேட்கவேண்டும்.

தெரிவு செய்வதற்கு மூன்று கேள்விகள்

ஒரு பொருள் கட்டாயமானதா இல்லையா என்பதை அதன் விலையைக் கொண்டோ, அயலவரிடம் இருக்கிறதா என்பதைக் கொண்டோ தீர்மானிக்கலாகாது. பின்வரும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது: தோணி கவிழ்ந்தால் இப்பொருள் என்னை மிதக்க வைக்குமா, அல்லது மற்றவர்கள் என்னைக் கண்டுபிடிக்க உதவுமா?

இரண்டாவது: இப்பொருள் இல்லாமல் நான் கரைக்குத் திரும்பிவர முடியுமா?

மூன்றாவது: அவசர வேளையில் இது எங்கே இருக்கும்? என் உடலிலா, தோணியில் கட்டியா, அல்லது வீட்டு வளையிலா?

முதல் இரண்டு கேள்விகளில் ஒன்றுக்கேனும் உயிரோடு தொடர்புடைய பதில் கிடைத்தால் அது இன்றியமையாதது. மீன் அதிகம் கிடைக்கும், வேலை இலகுவாகும், உடம்பு நோகாது என்ற பதில்கள் கிடைத்தால் அது இருந்தால் நல்லது. மூன்றாம் கேள்வியை இரு வகைக்கும் கேட்கவேண்டும். நிறுவனங்கள் இலவசமாகக் கொடுத்த உயிர்காப்பு அங்கிகள் பொலித்தீன் உறை கழற்றப்படாமலே வீடுகளில் தொங்குவதை நாம் கண்டிருக்கிறோம். வீட்டில் இருக்கும் அங்கி தண்ணீரில் எவரையும் காப்பாற்றுவதில்லை.

காற்றை அறிந்து பட்டியலைத் தயாரித்தல்

எந்தப் பொருள் தேவை என்பது எந்த நீரில், எந்தக் காலத்தில் போகிறோம் என்பதைப் பொறுத்தது. கிழக்குக் கரையில் ஏறத்தாழ மே முதல் செப்ரெம்பர் வரை கச்சான் காற்று வீசுகிறது. அக்காலத்தில் கிழக்குக் கடல் பெரும்பாலும் அமைதியாகக் காணப்படுவதால் சிறு தோணிக்காரரும் முகத்துவாரம் தாண்டிப் போக விரும்புவர். ஆனால் கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. கரையில் நின்று பார்க்கும்போது அலை இல்லை. நீர் தட்டையாகத் தெரியும். கரையை விட்டு விலக விலக அலை எழும்பும். துடுப்பு ஒன்று முறிந்தாலோ, கை சோர்ந்தாலோ, தோணி தானாகவே ஆழ்கடலை நோக்கிப் போய்விடும். கரையை நோக்கி வீசும் காற்றுக் காலத்தில் அலைக்கு அஞ்சி நாம் போகாமல் நிற்கிறோம். கரையிலிருந்து வீசும் காற்றோ எம்மை ஏமாற்றி அழைத்துச் செல்கிறது.

மார்ச், ஏப்ரில் மாதங்களிலும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமழை அடிக்கடி வரும். மின்னலைக் கண்டபின் இடி கேட்கும் வரை எண்ணிப் பாருங்கள். 3 செக்கன்களுக்கு ஒரு கிலோமீற்றர் என்பது கணக்கு. 30 செக்கனுக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. உடனே கரையேற வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை மீண்டும் இறங்கக்கூடாது. திறந்த நீர்ப்பரப்பில் தோணியில் இருப்பவரே உயரமான பொருள் என்பதை மறந்துவிடலாகாது.

வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பிரதேசங்களுக்கான எதிர்வுகூறலைத் தமிழிலும் வெளியிடுகிறது. அதனைக் கேட்பதற்கோ பார்ப்பதற்கோ புதிதாக எதையும் வாங்கவேண்டியதில்லை.

இன்றியமையாதவை

1. உயிர்காப்பு அங்கி. தண்ணீரில் மனித உடலின் பாரம் பெரும்பகுதி குறைந்துவிடுகிறது. ஒரு வளர்ந்தவரின் தலையை நீருக்கு மேல் வைத்திருக்க மேலதிகமாக ஏறத்தாழ 3 முதல் 5 கிலோ மிதப்புச் சக்தி போதும். ஆயினும் மயங்கிய ஒருவரின் முகத்தை வானத்தைப் பார்க்கத் திருப்பிவிடுவதற்கு அதனிலும் கூடிய சக்தி வேண்டும். அங்கியின் உட்புறத்தில் 50, 100, 150 என்று நியூட்டன் அளவில் இலக்கம் இடப்பட்டிருக்கும். 50 என்பது நன்றாக நீந்தக்கூடியவர், உதவி அருகில் இருக்கும்போது அணிவது. 100 என்பது காற்றும் அலையும் அதிகம் இல்லாத நீருக்கு. 150 என்பது வெளிக்கடலுக்கு. வாவித் தொழிலுக்கு 100 என்ற இலக்கமுள்ள, உள்ளே நுரைப்பொருள் வைத்துத் தைத்த அங்கி பொருத்தமானது. காற்று ஊதும் அங்கிகள் மெல்லியவை, அணிய இலகுவானவை; ஆனால் தூண்டில் முள்ளும் நண்டின் முள்ளும் அவற்றைத் துளைத்துவிடும்; வாயுச் சிலிண்டரை ஒருமுறை பாவித்தால் மாற்றவேண்டும். எமது தொழிலுக்கு அவை உகந்தவை அல்ல.

வாங்கும்போது அங்கியை அணிந்து எல்லாப் பட்டிகளையும் இறுக்குங்கள். இன்னொருவர் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கட்டும். அங்கி காதுவரை ஏறினால் அது பெரியது. பின்னர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சாய்ந்து பாருங்கள். பிள்ளைகளுக்கு அவர்களுடைய நிறைக்கு ஏற்ற அங்கி தனியாக உண்டு. தகப்பனின் அங்கி மகனுக்கு உதவாது, அது தலை வழியே கழன்றுவிடும்.

"அங்கி போட்டால் வீச்சுவலை வீச முடியாது, வெக்கை தாங்காது" என்ற முறைப்பாடு நியாயமானது. கை அசையும் பகுதி அகலமாக வெட்டப்பட்ட, முதுகின் கீழ்ப்பகுதி மெல்லியதாக உள்ள அங்கிகள் இருக்கின்றன. விலை சற்றுக் கூடினாலும் போடக்கூடிய அங்கியே மலிவானது. போடாத அங்கி எந்த விலைக்கும் நட்டமாகும். அங்கியை ஆசனமாகப் பாவித்து அதன் மேல் அமர்ந்தால் உள்ளிருக்கும் நுரை நசுங்கி மிதப்புக் குறையும். உப்புநீர் பட்டபின் நன்னீரில் அலசி நிழலில் காயப்போட வேண்டும்.

2. தோணியின் மிதப்பு. மரத்தோணி தண்ணீர் நிரம்பினாலும் பெரும்பாலும் அமிழ்ந்துவிடாது. பைபர் அப்படியன்று; அது தண்ணீரைவிடப் பாரமான பொருள். உள்ளே அடைத்த காற்றறையோ நுரையோ இல்லாவிட்டால் பைபர் தோணி மூழ்கிவிடும். ஒரு லீற்றர் காற்று ஏறத்தாழ ஒரு கிலோ பாரத்தைத் தாங்கும். ஆகவே இறுக மூடிய 20 லீற்றர் பிளாஸ்ரிக் கான் ஒன்று ஏறத்தாழ 20 கிலோவைத் தாங்கும். அணியத்தில் ஒன்றும் பின்பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு வெறும் கான்களை, கழன்றுவிடாதபடி பல சுற்றுக் கயிற்றால் கட்டிவிடலாம். செலவு மிகக் குறைவு. றெஜிபோம் துண்டுகளும் உதவும். ஆனால் உடைந்து வாவியை அழுக்காக்காதபடி அவற்றைத் துணியுறையில் இட்டுக் கட்டவேண்டும். கிருமிநாசினி வந்த கான்களை எடுக்கவே கூடாது.

கட்டியபின் கழுத்தளவு வராத ஆழத்தில், துணையோடு, தோணியை வேண்டுமென்றே நிரப்பிப் பாருங்கள். அது மிதக்கிறதா? அதைப் பிடித்துக்கொண்டு இருக்க முடிகிறதா? மீண்டும் ஏற முடிகிறதா? ஏறுவதற்குப் பக்கவாட்டில் ஒரு கயிற்று வளையம் கட்டிவிட்டால் கால் வைத்து ஏறலாம். கவிழ்ந்த தோணியை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்த முயல்வது ஆபத்தானது. மிதக்கும் தோணி மனிதத் தலையைவிடத் தூரத்திலிருந்து தெரியும்.

3. தண்ணீர் இறைக்கும் கான். ஐந்து லீற்றர்க் கானைச் சரிவாக வெட்டினால் போதும். அதனைக் கயிற்றால் தோணியோடு கட்டவேண்டும். கட்டாத கான் தோணி கவிழும்போது முதலிலேயே மிதந்து போய்விடும்.

4. மேலதிகத் துடுப்பு. கையிலிருக்கும் துடுப்பை ஒன்றரை மீற்றர் கயிற்றால் தோணியோடு இணைத்துக்கொள்ளலாம். இரண்டாவது துடுப்புக் குட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. வாவிக்குள் ஊன்றுகம்பு அதன் வேலையைச் செய்யும்; முகத்துவாரத்துக்கு வெளியே கம்பு நிலம் தொடாது.

5. நங்கூரமும் கயிறும். கரைவிட்டு வீசும் காற்றில் உங்களை நிறுத்தக்கூடியது இது ஒன்றுதான். கயிற்றின் நீளம் நீரின் ஆழத்தைப்போல ஐந்து மடங்காயினும் இருக்கவேண்டும். காற்றுக் கூடினால் ஏழு மடங்கு வேண்டும். கயிறு குட்டையானால் நங்கூரம் நிலத்தைப் பிடிக்காமல் மேலெழும்பி இழுபடும். இரண்டு மீற்றர் ஆழமான வாவிக்கு 15 மீற்றர் கயிறு போதுமானது. நங்கூரத்தை எப்பொழுதும் அணியத்திலேயே கட்டவேண்டும். பக்கத்திலோ பின்பக்கத்திலோ கட்டினால் அலை தோணிக்குள் ஏறி நிரப்பிவிடும். ஆழம் கூடி நங்கூரம் நிலம் தொடாவிட்டால், ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து நீரில் விடுங்கள். அது தோணியின் முகத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, இழுபடும் வேகத்தையும் குறைக்கும்.

6. கத்தி. வலையிலோ கயிற்றிலோ கால் சிக்கியபடி தண்ணீரில் விழுபவருக்கு இது உயிர். முனை மழுங்கிய, துருப்பிடிக்காத சிறு கத்தியை உறையில் இட்டு அங்கியோடு கட்டுங்கள். பறிக்குள் கிடக்கும் கத்தி மீன் வெட்டுவதற்கு, அது வேறு.

7. வெளிச்சமும் ஒலியும். இரவிலும் விடிசாமத்திலும் துடுப்புத் தோணிக்குப் பெரிய ஆபத்து இயந்திரப் படகாகும். 1972 ஆம் ஆண்டின் கடலில் மோதல்களைத் தடுக்கும் சர்வதேச விதிகளின்படி, துடுப்பால் செலுத்தும் சிறு ஓடத்தில் நிரந்தர விளக்குகள் இல்லாவிட்டாலும், வெள்ளை ஒளி தரும் ரோச் ஒன்றாவது கைவசம் இருக்கவேண்டும். மற்றப் படகு நெருங்குமுன் அதைக் காட்டவேண்டும். எனவே ரோச் என்பது மீனைத் தேடுவதற்கு மட்டுமன்று. மேலதிகப் பற்றரிகளைப் பொலித்தீனில் இறுகக் கட்டி வைத்திருங்கள். இதனோடு ஒரு பிளாஸ்ரிக் விசில் அங்கியில் தொங்கவேண்டும். தொண்டை கட்டிப்போனாலும் விசில் ஊதலாம். பகலில் உதவி கேட்பதற்கு இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் உயர்த்தித் தாழ்த்துவது எந்த நாட்டவரும் அறிந்த அடையாளம். சிறு கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பிக் காட்டுவதும் வெகுதூரம் தெரியும்.

8. குடிநீர். அரைநாள் தொழிலுக்கும் ஆளுக்கு இரண்டு லீற்றராவது வேண்டும். தலைக்குத் தொப்பியும் கை நீளமான சட்டையும் அணிந்தால் களைப்புக் குறையும். களைத்த மனிதனே தவறி விழுகிறான்.

9. கைத்தொலைபேசி. இன்று அநேகமாக எல்லோரிடமும் இது இருக்கிறது. ஆனால் சட்டைப் பையில் இருக்கும் தொலைபேசி தோணி கவிழ்ந்த கணத்திலேயே செத்துவிடும். நீர் புகாத உறையொன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டி அங்கிக்குள் வையுங்கள். முதலில் உறைக்குள் கடதாசித் துண்டொன்றை இட்டு அரைமணி நேரம் வாளியில் அமிழ்த்திப் பாருங்கள். கடதாசி நனையாவிட்டால் தொலைபேசியை வைக்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, பொலிஸ் 119, நோயாளர் வண்டி 1990. சங்கத் தலைவரின் இலக்கத்தையும் பதிந்துகொள்ளுங்கள்.

10. கரையில் ஒரு ஆள். பட்டியலில் பணம் கேட்காத பொருள் இது ஒன்றே. மிகப் பெறுமதியானதும் இதுவே. எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். குறித்த நேரத்துக்கு இவ்வளவு பின் வராவிட்டால் யாருக்கு அறிவிப்பது என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். தேடுதல் ஒரு மணி நேரம் பிந்தினால் தேடவேண்டிய நீர்ப்பரப்புப் பல மடங்கு பெருகிவிடுகிறது. இறங்குதுறையில் ஒரு கரும்பலகையை மாட்டி, போகும்போது பெயரை எழுதவும் வந்ததும் அழிக்கவும் ஒழுங்கு செய்யலாம்.

இருந்தால் நல்லவை

இவ்வகையில் எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லவேண்டியதில்லை. பயன் நோக்கிச் சிலவற்றைப் பார்ப்போம்.

பனிக்கட்டிப் பெட்டி. வருமானத்தைக் கூட்டும் பொருட்களில் இதற்கே முதலிடம். வெப்ப நாடுகளில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி என்பது பொதுக் கணக்கு. ஆனால் சிறு தோணியில் பத்துக் கிலோ பனிக்கட்டியும் பெட்டியும் ஏறினால் தோணி தாழும். இரண்டு மூன்று மணி நேரத்தில் திரும்புபவர் நனைத்த சாக்கால் பறியை மூடி, நிழலில் வைத்து, பெட்டியைக் கரையில் வைத்துக்கொள்ளலாம்.

திசைகாட்டி. வாவிக்குள் தேவையில்லை. கரை மறையும் தூரம் போகிறவருக்கோ பனிமூட்டக் காலையில் போகிறவருக்கோ இது கட்டாயப் பட்டியலுக்கு வந்துவிடும். விலை குறைவு, பற்றரி வேண்டாம்.

ஜி.பி.எஸ். கருவி. வலை போட்ட இடத்தைக் குறித்து வைக்க உதவும். பல கைத்தொலைபேசிகளில் இவ்வசதி ஏற்கெனவே இருப்பதால் தனிக் கருவிக்குக் கடன் எடுப்பதற்கு முன் யோசிக்கவேண்டும்.

ஆழம் காட்டும் கருவி. ஊன்றுகம்பால் நிலத்தைத் தொடக்கூடிய வாவியில் இதற்கு வேலை இல்லை. கம்பே ஆழத்தையும், சேறா மணலா என்பதையும் சொல்லிவிடுகிறது.

தூண்டில் தடியும் சுழல்பொறியும். கொடுவா போன்ற பெருமீனுக்கு இவை உதவும். எனினும் தங்கூசி சுற்றிய கைத்தூண்டில் இன்றும் பிழைப்புக்குப் போதுமானது. கழுவவும் திருத்தவும் இலகுவானது.

நெற்றி விளக்கு. இரண்டு கைகளும் வேலையில் இருக்கும்போது இது நல்ல வசதி. ஆனால் கைரோச்சுக்குப் பதிலாக அன்று, அதனோடு கூட இருக்கட்டும்.

முதலுதவிப் பை. வெட்டுக்காயத்துக்குச் சுத்தமான துணியும் கட்டும் போதும். திருக்கை முள், கெளிற்று முள் குத்தினால் குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் 30 முதல் 90 நிமிடம் வைத்திருந்தால் நோவு தணியும். முதலில் சூட்டை மற்றக் கையால் பார்த்துக்கொள்ளுங்கள். நஞ்சேறிய கால் சூட்டைச் சரியாக உணராது. சுடுநீர் கரையில்தான் கிடைக்கும். ஆகவே குத்தியதும் கரைக்குத் திரும்புங்கள். முள் ஆழமாகப் போயிருந்தாலோ உடைந்து உள்ளே நின்றாலோ, மார்பிலோ வயிற்றிலோ குத்தினாலோ, உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

ஏற்றக் கூடாதவை

தங்கூசி வலை எமது நாட்டில் தடைசெய்யப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத அந்த வலை அறுந்து போனாலும் ஆளில்லாமலே மீனைக் கொன்றுகொண்டிருக்கும். வெடிபொருளையும் நஞ்சையும் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம் தடைசெய்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, வாவியின் குஞ்சு மீனை அழிப்பது எம் பிள்ளைகளின் உணவை அழிப்பதாகும். மதுபானத்தைப் பற்றி நீட்டிப் பேசவேண்டியதில்லை. சிறு தோணியில் சமநிலையே உயிர்.

தோணி தாங்கக்கூடியதைவிட அதிகமான வலையும் இவ்வகையில் சேரும். போகும்போது காய்ந்த வலை. வரும்போது நனைந்த வலையும் மீனும். பாரத்தைக் கணக்கிடும்போது திரும்பி வரும் பாரத்தையே கணக்கிட வேண்டும்.

எங்கே, எப்படி வைப்பது

பொருட்களை மூன்றாகப் பிரிப்போம். உடலில் இருக்கவேண்டியவை: அங்கி, விசில், கத்தி, தொலைபேசி. தோணியில் கட்டியிருக்க வேண்டியவை: மிதப்புக் கான்கள், இறைக்கும் கான், துடுப்புகள், நங்கூரம், ரோச், தண்ணீர்ப் போத்தல். பறியிலும் சாக்கிலும் இருக்கக்கூடியவை: மற்ற எல்லாம். இம்மூன்றாவது வகை கவிழ்ந்தால் போய்விடும் என்று எண்ணியே புறப்படவேண்டும். கட்டும் கயிறுகள் குட்டையாக இருக்கட்டும். நீண்ட கயிறு காலைச் சுற்றும். தூண்டில் முட்களை றெஜிபோம் துண்டில் குத்தி மூடி வைக்கவேண்டும்.

வாங்கும் ஒழுங்கு

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க எவராலும் முடியாது. முதலில் செலவில்லாதவற்றைச் செய்வோம்: கரையில் சொல்லிவிட்டுப் போதல், கான்களைக் கட்டுதல், இறைக்கும் கான் வெட்டுதல். இவற்றை இந்த வாரமே முடிக்கலாம். அடுத்து விசில், கத்தி, தொலைபேசி உறை, ரோச். பின்னர் அங்கி. அங்கியே பட்டியலில் முதன்மையானது. ஆனால் விலை கூடியது என்பதால் அதற்கெனச் சேமிக்கத் தொடங்கும் நாள்தான் முதல் நாளாக இருக்கவேண்டும். தனித்தனியாக வாங்குவதை விடச் சங்கத்தினூடாக மொத்தமாக வாங்கினால் விலை குறையும்; அளவுகளைப் போட்டுப் பார்த்துத் தெரிவு செய்யவும் வசதி உண்டு. புது வலைக்குக் கடன் கொடுக்கும் சங்கங்கள், அங்கி வைத்திருப்பதை அக்கடனுக்கு ஒரு நிபந்தனையாக வைக்கலாம். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் கடன் எடுத்தவர் திரும்பி வராவிட்டால் அக்கடனைச் சுமப்பவர் அவருடைய மனைவியே. ஆகவே இம்முடிவு எடுக்கப்படும் கூட்டத்தில் பெண்களும் இருக்கவேண்டும். சீட்டுக் கட்டி அங்கிக்குப் பணம் சேர்க்கக்கூடியவர்களும் அவர்களே.

ஜூன் 29 ஆம் திகதி புனித பேதுரு, புனித பவுல் திருநாள். அது கச்சான் வீசும் காலத்தின் நடுவே வருகிறது. அந்நாளையொட்டிப் படகுகளை ஆசீர்வதிக்கும் பங்குகளில், ஆசீர்வாதத்துக்கு முந்திய நாள் ஒவ்வொரு தோணியையும் நிரப்பிப் பார்க்கவும், ஒவ்வொரு அங்கியையும் தண்ணீரில் அணிந்து பார்க்கவும் ஒழுங்கு செய்யலாம். பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டாகவும் இருக்கும், பார்த்தது மறக்காது.

புறப்படுமுன் பார்க்க:

அங்கி அணிந்து பட்டிகள் இறுக்கப்பட்டனவா?
விசில், கத்தி, தொலைபேசி உடலில் உள்ளனவா?
மிதப்புக் கான்களின் மூடிகள் இறுகியுள்ளனவா?
இறைக்கும் கானும் இரண்டு துடுப்புகளும் கட்டப்பட்டனவா?
நங்கூரக் கயிறு அணியத்தில் கட்டப்பட்டதா?
ரோச் எரிகிறதா? மேலதிகப் பற்றரி உண்டா?
குடிநீர் ஏற்றியாயிற்றா?
இன்றைய காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது? எதிர்வுகூறல் என்ன?
போகுமிடமும் திரும்பும் நேரமும் கரையில் சொல்லியாயிற்றா?